ரெக்கார்டு பிளேயர் வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

என் மாமா ஊரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கே பந்தல் போட்டாலும் அவருடைய புனல் ஸ்பீக்கர் தென்னைமரத்தில் ஏறிவிடும். கேசட் வந்த பிறகு அவருடைய ரெக்கார்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை இறக்கிய நாளில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது தெரிந்தவர்கள் போன் செய்து "பிளேயர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். எல்லாருக்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

சி.டி.யைவிட சத்தம் நன்றாக இருக்குமாமே?

இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வராதீர்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொண்டால் சி.டி. 96 டெசிபல் தரும். நல்ல எல்.பி., அதாவது பக்கத்துக்கு இருபது நிமிஷம் போல ஓடும் பெரிய ரெக்கார்டு, 60, 70 தொட்டாலே பெரிய விஷயம். அதற்கு மேல் சரசரப்பு, தூசி வெடிக்கும் சத்தம், நடு ஓட்டை கொஞ்சம் தள்ளிப்போனதால் வரும் சுருதி ஆட்டம் எல்லாம் இலவசம்.

ஆனால் ஒரே பாட்டு ரெக்கார்டில் ஒரு மாதிரியும் போனில் வேறு மாதிரியும் கேட்கிறது என்று யாராவது சொன்னால் அது கற்பனை இல்லை. காரணம் பெரும்பாலும் மாஸ்டரில், அதாவது எதிலிருந்து பிரதி எடுக்கிறார்களோ அந்த மூலப் பதிவில் இருக்கும். பழைய டேப்பை டிஜிட்டலுக்கு மாற்றும்போது இரைச்சலை எடுக்கிறேன் என்று வயலினின் உயிரையும் சேர்த்து எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் மெதுவாக வரவேண்டிய இடத்தையும் உரக்க வரவேண்டிய இடத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அந்தக் காலத்திலேயே அச்சான தட்டில் இந்தக் கைவரிசை இல்லை. தட்டின் பெருமை என்று பலர் சொல்வதில் பாதி இதுதான்.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்?

வாங்காமலும் இருக்கலாம். எனக்கு இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவது பிடித்திருக்கிறது, அந்த இருபது நிமிஷமும் போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் காரணம். ஊர் உலகத்தில் வேறு காரணங்களும் இருக்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் 2020-இல் ரெக்கார்டு விற்ற பணம் சி.டி. விற்ற பணத்தைத் தாண்டியது. 1986-க்குப் பிறகு அது நடந்தது அதுவே முதல்முறை.

பணம் குறைவாகத்தான் இருக்கிறது. எதில் போடுவது?

ரெக்கார்டைக் கெடுக்காத பிளேயர் ஒன்று, மிச்சமெல்லாம் ஸ்பீக்கருக்கு. ஊசியைப் பிடித்துக்கொண்டு அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். கெடுக்காத பிளேயர் என்றால் அதில் காந்த வகை கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டும், ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் எடையைத் திருகிச் சரிசெய்யும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது. ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் தானாகவே கையைத் தூக்கி வைத்து, முடிந்ததும் எடுத்துவிடும். அதில் எடையைத் தொட முடியாது, கார்ட்ரிட்ஜையும் மாற்ற முடியாது, ஊசி மட்டும் மாறும். பாட்டுக் கேட்டால் போதும், குடைந்துகொண்டிருக்க நேரமில்லை என்பவர்களுக்கு அதுவே போதும். குடையும் ஆசை இருந்தால் எல்.பி.120எக்ஸ். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியை ஆம்ப்புக்கு ஏற்றபடி தூக்கிவிடும் ஃபோனோ பிரீஆம்ப் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது, அதனால் ஒரு செலவு மிச்சம்.

பெல்ட்டா டைரக்ட் டிரைவா என்ற சண்டையில் நான் இல்லை. ஒன்றில் மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகச் சுழற்றும், அந்தப் பெல்ட் சில வருஷத்தில் தளரும், மாற்றிக்கொள்ளலாம். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்காரும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வந்தது 1972-இல், அப்போது விற்றவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியே 2010-இல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டு 2016-இல் மறுபடி செய்ய ஆரம்பித்தது.

சூட்கேஸ் மாதிரி அழகாக ஒன்று மலிவாக வருகிறதே?

பொம்மையாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், சுமார் 5 கிராம் அழுத்தத்தில் ஓடும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் 2 கிராமில் ஓடும். ஒருதடவை போட்டால் தட்டு செத்துவிடும் என்று பயமுறுத்துவதெல்லாம் மிகை. ஆனால் ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில் இருப்பதால் பேஸ் வந்தால் ஊசி குதிக்கும், அதற்காகவே பேஸ் இல்லாமல் செய்திருப்பார்கள். மிருதங்கம் இருக்கும், தொப்பி இருக்காது.

தாத்தாவின் பழைய பெட்டி பிளேயர் இருக்கிறது. ஓட்டலாமா?

எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரிப் பெட்டிகள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. ஓட்டுங்கள், ஆனால் நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். வருஷக்கணக்காக மின்சாரம் பார்க்காத கெப்பாசிட்டர்கள் வெடிக்கும் அல்லது புகையும், ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் காய்ந்து கல்லாகியிருக்கும். ஊசியைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பல பெட்டிகளில் ஒரு பக்கம் எல்.பி.க்கும் மறுபக்கம் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழங்காலத் தட்டுக்கும் என்று புரட்டிப்போடும் ஊசி இருக்கும். 78 பக்கத்தை வைத்துக்கொண்டு எல்.பி. ஓட்டியவர்கள் ஏராளம்.

ஊசியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறாய்?

ஏனென்றால் மொத்த ஏற்பாட்டிலும் தட்டைத் தொடுவது அது ஒன்றுதான். நீங்கள் லட்ச ரூபாய் ஆம்ப் வைத்திருந்தாலும் தேய்ந்த ஊசி தட்டை உழுதுகொண்டுதான் போகும், அப்படிப் போன சேதத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை.

வைர ஊசி என்றால் சாகாது என்று நினைக்கிறார்கள். 500 முதல் 1000 மணி நேரம் வரை, அதுவும் சுத்தமான தட்டில். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் அழுத்தம் வேண்டும் என்பது கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் இருக்கும், உதாரணமாக ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் 1.8 கிராம் கேட்கிறது. குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் தப்பு. எடை போதாத ஊசி, பாட்டு பதிந்திருக்கும் பள்ளமான காடியின் சுவரில் நிற்காமல் துள்ளித் துள்ளி அடிக்கும், அதுதான் அதிகச் சேதம். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பிடிக்காத தராசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்ட்ரிட்ஜின் காந்தம் தராசை இழுத்துப் பொய்க்கணக்கு காட்டும்.

கடைசிப் பாட்டில் மட்டும் குரல் கிழிகிறது. பிளேயர் கோளாறா?

பாதி கோளாறு, பாதி கணக்கு. எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, ஓரத்திலும் அதே சுற்று, நடுவிலும் அதே சுற்று. ஓரத்தில் ஊசிக்குக் கீழே ஒரு விநாடியில் அரை மீட்டர் காடி ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 20 சென்டிமீட்டர்தான். அதே ஒரு விநாடிப் பாட்டை இவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கினால் "ச", "ஷ" எழுத்துகள் பிசிறடிக்கும். கார்ட்ரிட்ஜ் கோணல்மாணலாக மாட்டியிருந்தால் இது இரண்டு மடங்காகத் தெரியும். அளவுத்தாள் ஒன்றை அச்சிட்டு, நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். முதல்தடவை ஒரு மணி நேரம் ஆகும், கண் வலிக்கும், செய்துவிட்டால் அடுத்த ஊசி வரை கவலையில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பழைய டர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

எல்லாரும் 110 வோல்ட், 230 வோல்ட் என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். மாட்டிவிடுவது இன்னொன்று. அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 முறை திசை மாறி மாறி வருகிறது, நம் ஊரில் 50 முறை. பழைய பெல்ட் டிரைவ் பிளேயர்களின் மோட்டார் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. ஆக, 33⅓ சுற்று வேண்டிய இடத்தில் 27.8 சுற்றுதான் கிடைக்கும். ஐந்தரைக் கட்டையில் பாடிய அம்மா நாலு கட்டைக்கு இறங்கிவிடுவார். எங்கள் உறவில் ஒருவர் ஆறு மாதம் இப்படிக் கேட்டுவிட்டு "ரெக்கார்டில் எல்லாருக்கும் குரல் கனமாக இருக்கிறது, அதுதான் அனலாக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தை வைத்துச் சுற்று எண்ணிக் காட்டியபோது அவருக்கு வருத்தம்தான்.

தீர்வு, மோட்டாரில் பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியை, 50-க்கு உரிய பெரியது கிடைத்தால் மாற்றுவது. சில பிளேயர்களுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவுக்கும், சின்ன அடாப்டரில் ஓடும் இக்கால டி.சி. மோட்டாருக்கும் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட் மட்டும் பார்த்தால் போதும். ஜப்பான் சரக்கு என்றால் 100 வோல்ட், அதிலும் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, ஒரே நாட்டுக்குள் இரண்டு.

பிளேயரை ஆம்ப்பில் சொருகினேன், கொசு பாடுவதுபோல் கேட்கிறது.

ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் சொருகியிருக்கிறீர்கள். காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 4, 5 மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். நானூறு மடங்கு வித்தியாசம். தூக்கிவிட்டால் மட்டும் போதாது. காடி வெட்டும்போதே பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் காடி அகலமாகி ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுதான் அடங்கும், டிரெபிளைக் கூட்டி வெட்டினால் திருப்பி இறக்கும்போது சரசரப்பும் சேர்ந்து இறங்கும். 1954 வாக்கில் இதற்கு ஒரே அளவு என்று அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் முடிவு செய்தது, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்பது அதுதான். பிரீஆம்ப் அந்த வளைவைத் தலைகீழாகப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆம்ப்பின் பின்னால் ஃபோனோ என்று எழுதியிருந்தால் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பிளேயரிலும் இருந்து ஆம்ப்பிலும் இருந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் காது கிழியும்.

தமிழ் ரெக்கார்டுகள் எல்லாமே ஏன் இவ்வளவு கீறலாக இருக்கின்றன?

எனக்குப் பிடித்த கேள்வி, மாமாவால் பதில் தெரிந்த கேள்வியும்கூட.

பத்துப் பாட்டு உள்ள எல்.பி.யை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டவர்கள் அன்றைக்கு எத்தனை பேர்? சினிமாப் பாட்டு வந்தது பெரும்பாலும் 7 அங்குல ஈ.பி.யில், வாங்கியவர்களில் பெரிய கூட்டம் மைக் செட்காரர்கள். லேபிளில் ஏதாவது ஊர் சவுண்ட் சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அந்தத் தட்டு எத்தனை பந்தல் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பக்திப் பாட்டில் ஆரம்பித்தால் ராத்திரி வரை நிறுத்தமாட்டார்கள். கவரில் போட்டு எடுக்க நேரம் ஏது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு, மேலே ஆடிப் புழுதி. ஊசி தாவினால் மாமா செய்வது ஒன்றே ஒன்று, ஊசி இருக்கும் கையின் தலைமேல் நாலணாவை வைப்பார். அந்த நாணயம் மட்டுமே இரண்டு கிராமுக்கு மேல். இன்றைய கார்ட்ரிட்ஜின் மொத்த அழுத்தத்தை அவர் சும்மா கொசுறாகப் போட்டிருக்கிறார். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே பேச்சைப் பேசாதே என்று நம் வீடுகளில் திட்டுவது சும்மா வரவில்லை.

கதை வசனத் தட்டுகளின் கதியும் இதேதான். படத்தின் வசனத்தை முழுசாக எல்.பி.யில் போட்டு விற்றார்கள், கொடை ராத்திரியில் ஜனம் உட்கார்ந்து ரேடியோ நாடகம் மாதிரிக் கேட்கும். நல்ல நிலையில் இவை கிடைத்தால் விடாதீர்கள்.

கர்நாடக சங்கீதத் தட்டுகள் வேறு ஜாதி. வீட்டுக்காரர்கள் வாங்கியவை, பாலிதீன் உறைகூட இருக்கும், கவரில் வாங்கிய தேதியை மையால் எழுதியிருப்பார்கள். அதனால்தான் நூறு ரூபாய் கையில் வைத்துக்கொண்டு சுத்தமான தட்டு வேண்டும் என்று கேட்பவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்புகிறேன்.

எங்கே கிடைக்கும்?

சென்னையில் பழைய ஆட்கள் மூர் மார்க்கெட் என்பார்கள். அது 1985-இல் எரிந்துபோனது, பெருமூச்சு மட்டும் பாக்கி. மும்பை சோர் பஜார், கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெரு இரண்டிலும் இன்னும் ரெக்கார்டு புரட்டலாம், ஆனால் அங்கே தமிழ் கிடைப்பது அதிர்ஷ்டம். என் அனுபவத்தில் நல்ல சரக்கு வந்ததெல்லாம் ஊரிலிருக்கும் பழைய பேப்பர் கடையிலும், வீடு காலி செய்கிறவர்களிடமும்தான். ஆம்ப், ஒயர், கனெக்டர் என்றால் சென்னை ரிச்சி தெரு.

ஓடியன், கொலம்பியா, எச்.எம்.வி. லேபிள்கள் அறுபது எழுபதுகளில் நிறையக் கிடைக்கும், எண்பதுகளில் எக்கோ, இன்ரெகோ. எண்பதுகளின் கடைசியில் எல்லாரும் கேசட்டுக்குப் போய்விட்டதால் அந்தக் கடைசி வருஷங்களின் எல்.பி.கள் குறைவாகவே கண்ணில் படுகின்றன. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் மெதுவாகத் தடவினால் தட்டுப்படும் கீறல் டிக் டிக் என்று கேட்கும், தாவவும் செய்யும். தட்டுப்படாத மயிரிழைக் கீறல்களைப் பெரும்பாலும் காது கண்டுகொள்ளாது. ஆனால் கீறலே இல்லாமல் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் ஜாக்கிரதை, அது தேய்மானம். உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் குரல் கரகரக்கும், எந்தக் கழுவலுக்கும் போகாது. பளபளப்பை நம்பி நான் தேங்காயெண்ணெய் தடவிய தட்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். நான்கு நாள் கழித்துத்தான் வாசனையில் கண்டுபிடித்தேன்.

வெளிநாட்டில் வாங்கினால் அவர்கள் போடும் தரக்குறியீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். "குட்" என்று போட்டிருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, சரசரவென்று ஓடும் என்று அர்த்தம். "வெரி குட் பிளஸ்" என்பதற்குக் கீழே நான் இறங்குவதில்லை.

78 தட்டுகளும் கிடைத்தன. அதே பிளேயரில் போடலாமா?

வேகம் இருந்தாலும் ஊசி வேறு. எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு, 78-க்கு 3 பங்கு. சின்ன ஊசியைப் போட்டால் காடியின் அடிமட்டத்தில் குப்பையை வாரிக்கொண்டு ஓடும். 78 தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. நம் காடுகளில் எடுத்த அரக்குதான் உலகத்துக்கே தட்டாகப் போனது. கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதன்முதலில் பதிவு கொடுத்தது 1902-இல், 1908-இல் அங்கேயே அச்சடிக்கும் ஆலையும் வந்துவிட்டது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் அடங்கும், அதனால்தான் கிட்டப்பா, சுந்தராம்பாள் பாட்டுகள் எல்லாம் கூடையில் அமுக்கிய பூ மாதிரி இருக்கின்றன. வேறு நாடுகள் 78-ஐ விட்ட பிறகும் நாம் விடவில்லை, பீட்டில்ஸ் பாட்டைக்கூட 1960-களில் இந்தியாவில் 78 தட்டாக அச்சடித்தார்கள்.

கீழே போட்டால் உடையும். அப்புறம் ஸ்பிரிட் வைத்துத் துடைக்கவே துடைக்காதீர்கள். பரணில் கிடைத்த முதல் 78-ஐ நான் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அக்கறையாகத் துடைத்தேன், பஞ்சு கறுப்பாகிக்கொண்டே போனது, அடடா எவ்வளவு அழுக்கு என்று நினைத்தேன். அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்று பிறகுதான் தெரிந்தது.

பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் ஒன்றை யாராவது "நூறு வருஷம்" என்று விற்க வந்தால், பெரும்பாலும் அது பழைய மோட்டாரும் புதுப் புனலும் சேர்த்துக் கட்டியது. உண்மையானதாக இருந்தாலும் அதில் எல்.பி.யை வைத்துவிடாதீர்கள், இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் வழித்தெடுத்துவிடும்.

எப்படிக் கழுவுவது?

வினைல், அதாவது எல்.பி., ஈ.பி. மாதிரி பிளாஸ்டிக் தட்டு என்றால் டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மிருதுவான துணி. காடி போகும் போக்கிலேயே வட்டமாகத் துடைத்துவிட்டு, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொருமுறை. போர் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகும். கேன் தண்ணீரும் வேண்டாம். லேபிள் நனையக்கூடாது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் கழுவிய தூசி திரும்ப வந்து ஒட்டும், மொட்டைமாடியில் வைத்தால் வடகம் மாதிரி வளைந்துவிடும். நிழலில் நிற்கவையுங்கள். தினசரிக்குக் கார்பன் ஃபைபர் பிரஷ் ஒன்று போதும்.

எங்கே அடுக்குவது?

நிற்கவைத்து. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். கவரோடு நூறு எல்.பி. 20, 25 கிலோ வரும், பிளைவுட் அலமாரி இரண்டே வருஷத்தில் சிரிக்கும். நம் வீடுகளில் சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி இருக்கிறதே, அதற்கு ஈடு எந்த வெளிநாட்டு ஸ்டாண்டும் இல்லை. டர்ன்டேபிளையும் அதிலேயே வைக்கிறேன், யார் ஓடினாலும் ஊசி அசையாது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கவரில் பூஞ்சை வரும், வெளிச்சுவர் ஒட்டி அடுக்க வேண்டாம். கரையானுக்கு அட்டை என்றால் பாயசம். சித்திரை மாதம் காரில் தட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், வினைல் 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் வேண்டும்?

பெட்டிமேல் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்" என்று ஒட்டியிருந்த காலம் நினைவிருக்கிறதா? அது கணக்கே இல்லை. தொடர்ந்து தாங்கும் வாட்ஸைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்ற எண்ணை மட்டும் பாருங்கள், அதைவிட, கொடுத்த வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். அதே சத்தத்துக்கு முதல் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு வாட்ஸ் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீங்கள் சாதாரணமாகக் கேட்பது சில வாட்ஸ்தான்.

பெரிய பிரச்சினை அறை. கிரானைட் தரை, சிமென்ட் சுவர், காலி ஹால். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள், "ட்ரிங்" என்று திரும்பி வந்தால் எந்த ஸ்பீக்கரும் அங்கே தோற்கும். பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தரையில் விரியுங்கள், கனமான திரை போடுங்கள், புத்தக அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். நான் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். பேஸ் அடங்கிவிட்டது, விருந்தாளிகள்தான் தூங்க வந்திருக்கிறோமோ என்று பார்க்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து சம முக்கோணம், கீச்சொலி வரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் காது உயரத்தில், பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி. இதில் எதற்கும் காசில்லை.

தங்க முலாம் பூசிய கேபிள்?

வேண்டாம்.

உர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது.

பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னால் உள்ள திருகில் மாட்டினீர்களா? பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். போகவில்லையென்றால் பிளேயரை ஆம்ப்பிலிருந்து தள்ளி வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் கார்ட்ரிட்ஜோடு பேசும். கொர்ர் என்று கரகரப்பாக வந்தால் மின்விசிறி ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அந்த நேரம் தட்டை எடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போங்கள்.

புதிதாக 180 கிராம் தட்டு வருகிறதே, பழசைவிட மேலா?

கனமாக இருக்கும், சுலபத்தில் வளையாது. காடியின் ஆழம் ஒன்றுதான். எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள் என்பதே கேள்வி, அதைப் பலர் சொல்வதில்லை. முழுக்க அனலாக் என்று எல்லாரும் நம்பியிருந்த அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி தட்டுகளில்கூட இடையில் டிஜிட்டல் படி இருந்தது என்று 2022-இல் வெளியே வந்து பெரிய ரகளை. அதற்கு முன்னால் அதே தட்டுகளைக் காதால் கேட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

அப்பாவின் ரெக்கார்டுகள் இருநூறு இருக்கின்றன. விற்றால் என்ன கிடைக்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. எல்லாரும் முதலில் எடுத்துக் காட்டுவது எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம். 1963-இல் வந்தது, எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, அதனாலேயே விலை போகாது. யாரும் தேடி வாங்காத படம், ஓடாத படம், அதன் பாட்டு மட்டும் நன்றாக இருந்தால், அந்த ஈ.பி.க்குத்தான் ஆள் வருவான். மூட்டையாக ஒரே விலைக்குக் கேட்பவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றாக எடுத்து லேபிளில் உள்ள எண்ணைக் குறித்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் பேசுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது கணினியில் பதிந்தும் வைத்துக்கொள்ளலாம்.

கவர்களின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் பென்சிலில் "மூணாவது பாட்டு போடாதே, தாவும்" என்று மாமா எழுதியிருக்கிறார். இப்போது போட்டாலும் அங்கேதான் தாவுகிறது.